ஒன்பது அறை, பதினெட்டு விரிப்பு

காலை மணி பத்து முப்பத்தைந்து. இன்னும் பத்து நிமிடத்தில் யாரோ ஒரு ஆள் இந்த விடுதியின் ஒன்பது அறைகளையும் காலி செய்யப்போகிறார். உள்ளே வராமலேயே.

“உள்ள வராதவன் எப்படி அத்தான் காலி பண்ணுவான்?” என்றான் மைத்துனன்.

“அதைக் கண்டுபிடிக்கத்தான் நம்மளைக் கூப்பிட்டிருக்காங்க” என்றார் சல்லடை.

சல்லடை என்பது பட்டப்பெயர். காப்பீட்டுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பொய்யான நஷ்டஈட்டு மனுக்களைச் சலித்தெடுத்த மனிதருக்கு உடன் வேலை பார்த்தவர்கள் வைத்தது. வேலையை விட்ட பிறகும் சலிப்பதை விடவில்லை. சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தார். மைத்துனன் அவர் மனைவியின் தம்பி. ‘அத்தானுக்கு உதவியா இரு’ என்று அக்கா அனுப்பி வைத்திருந்தாள். அத்தான் எங்கே போகிறார், எப்போது சாப்பிடுகிறார், யாரிடம் சிரித்துப் பேசுகிறார் என்று அக்காவுக்குத் தகவல் சொல்வதும் அந்த உதவியில் அடக்கம்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒன்பது கொக்கிகளில் ஒன்பது சாவிகள் தொங்கின. அவற்றுக்கு மேலே, வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில், விடுதியின் ஏழு விதிகள். பலகைக்கு நேர் கீழே ஒரு பெண் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் இன்னொரு பெண் தோளில் கைப்பையோடு நின்றிருந்தாள்.

இருவரும் ஓரகத்திகள். விடுதி அவர்கள் மாமனாருடையது. உள்வேலை முழுக்க மூத்தவள் பொறுப்பு, வரவேற்பு இளையவள் பொறுப்பு. நேற்று சல்லடையைத் தேடி வந்து வழக்கை ஒப்படைத்தவள் மூத்தவள்.

“மறுபடி ஒரு தடவை சொல்லிடறேன் சார்” என்றாள் அவள். “மூணு சனிக்கிழமையா நடக்குது. ஒவ்வொரு தடவையும் வேற ஒரு பேரு, அந்த ஒரே பேர்ல ஒன்பது அறையும் புக் ஆகுது. வேற யார் கேட்டாலும் இடமில்லைன்னு திருப்பி அனுப்பிடறோம். வர வேண்டிய அன்னிக்கு, காலையில பத்தே முக்காலுக்கு, ‘இன்னிக்கு வர முடியல, தேதியை அடுத்த மாசத்துக்கு மாத்துங்க’ன்னு மெசேஜ் வருது. இவ ‘சம்மதம்’னு அழுத்திடறா. மறுநாள் அந்த அடுத்த மாசத்து புக்கிங்கை கேன்சல் பண்ணிடறாங்க. ஒரு மாசம் முன்னாடியே பண்ற கேன்சலுக்கு ஏது கட்டணம்? சீசன்ல அறையும் காலி, ரத்துக் கட்டணமும் கிடையாது.”

மைத்துனன் புருவத்தை உயர்த்தினான். “நேரா கேன்சல் பண்ணா முழுப் பணமும் போகும். தேதியை மாத்திட்டு கேன்சல் பண்ணா ஒண்ணும் போகாது. இவ்வளவு மூளை இருக்கறவன் ஏன் அத்தான் சம்பளத்துக்கு வேலை தேடாம இதைப் பண்றான்?”

“பணத்துக்காகப் பண்ணல. பணம் அவனுக்கு வரவே இல்லையே” என்றார் சல்லடை. “இது வேற ஏதோ.”

“எதுவா இருந்தாலும் சரி” என்றாள் மூத்தவள். “இன்னிக்கு நாலாவது புக்கிங். சாயங்காலம் நாலு மணிக்கு மாமனார் வர்றார். யார் செஞ்சதுன்னு உங்க கையெழுத்தோட ஒரு தாள் அவர் கையில இருக்கணும். உள்ள இருக்கறவங்களே கைகுடுத்திருந்தா, அவங்க இன்னிக்கே பெட்டியைக் கட்டணும்.”

‘அவங்க’ என்றபோது அவள் ஓரகத்தியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. இளையவளின் கணவன் கப்பலில் வேலை பார்த்தான். வருடத்தில் பத்து மாதம் கடல். வரவேற்பறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவளுக்கு வீடு. மூன்று முறையும் ‘சம்மதம்’ அழுத்தியது அவள் விரல். நாலு மணிக்கு அந்தத் தாளில் அவள் பெயர் இருந்தால், ஐந்து மணிக்கு அவள் தெருவில்.

“நான் மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். மாத்திரை தீர்ந்துபோச்சு” என்று மூத்தவள் கிளம்பினாள்.

உள்ளேயிருந்து இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி தட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வெளியே தார் உருகும் வெயில். அவள் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பித்தானைக்கூட மாட்டியிருந்தாள்.

“இந்த வெயில்ல முழுக்கையா? பார்க்கற எனக்கே வேர்க்குதும்மா” என்றான் மைத்துனன்.

அவள் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“அக்கா பொண்ணு” என்றாள் இளையவள். மூத்தவள் போன வாசலைக் கண்ணால் காட்டினாள்.

மைத்துனன் பேச்சை மாற்ற, பலகையைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். “ஒண்ணு, சத்தம் போடக் கூடாது. ரெண்டு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மூணு, ஈரத் துணியைக் கட்டிலில் போடக் கூடாது. யாருங்க இது, ஹெட்மாஸ்டர் எழுதினதா?”

“நான் எழுதினது.”

“எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு” என்று சமாளித்தான். “நாலு, வருகைக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணம். யாருக்கும் எக்காரணத்துக்கும் தள்ளுபடி இல்லை. அஞ்சு, சாவியைத் தொலைத்தால் பூட்டின் விலை. ஆறு, பகல் பன்னிரண்டுக்கு அறை தயாராக இல்லாவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும். பரவாயில்லையே, உங்களுக்கே ஒரு விதி போட்டிருக்கீங்க.”

“விதின்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்” என்றாள் இளையவள். “ஒரு பக்கம் மட்டும் இருந்தா அதுக்குப் பேரு வேற.”

சல்லடை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார். “மூணு தடவை ஏமாந்திருக்கீங்க. மூணாவது தடவையாவது மறுத்திருக்கலாமே?”

“கேன்சலுக்கு விதி இருக்கு சார். தேதி மாத்தறதுக்கு நான் விதி எழுதல. எழுதாத விதியைச் சொல்லி ஒருத்தரை எப்படி மறுக்கறது?”

“இவங்க ரயில்வேயில சிக்னல் வேலைக்குப் போயிருக்கணும் அத்தான்” என்றான் மைத்துனன். “வண்டி ஒண்ணுகூட மோதியிருக்காது. ஒண்ணுகூட கிளம்பியும் இருக்காது.”

சல்லடை சிரிக்கவில்லை. “விதி இல்லாததை நீங்க மறுக்க மாட்டீங்கங்கறது யாருக்கெல்லாம் தெரியும்?”

“இங்க ஒரு தடவை தங்கினவங்க எல்லாருக்கும் தெரியும்.”

“சந்தேகப் பட்டியல் ரெண்டாயிரத்தைத் தாண்டுது” என்று மைத்துனன் பெருமூச்சு விட்டான்.

மேசை மேலிருந்த கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பத்து நாற்பத்தைந்து.

திரையில் அதே செய்தி. ஒன்பது அறைகள், தேதி மாற்றம், அடுத்த மாதம். கீழே இரண்டு கட்டங்கள். சம்மதம், மறுப்பு. இளையவளின் விரல் தானாக முன்னால் போயிற்று.

“தொடாதீங்க” என்றார் சல்லடை. “எவ்வளவு நேரத்துக்குள்ள பதில் சொல்லணும்?”

“பன்னிரண்டு வரைக்கும் சொல்லலாம்.”

“மறுத்தா?”

“புக்கிங் இன்னிக்கே நிக்கும். முழுப் பணத்தையும் அவங்க கார்டுல இருந்து உடனே எடுத்துக்கும்.”

சல்லடை எழுந்து நடைவழியில் நடந்தார். அறைக் கதவுகள் காற்றாடத் திறந்திருந்தன. தரை துடைத்து ஈரம் காய்ந்திருந்தது. குளியலறைகளில் புது சோப்பு. ஜன்னல் திரைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒவ்வொரு அறையிலும் இரண்டு கட்டில். பதினெட்டுக் கட்டிலிலும் வெறும் மெத்தை, கோடு போட்ட உறையோடு.

திரும்பி வந்தார். “பன்னிரண்டுக்கு ஒன்பது அறைக்கு ஆள் வரணும். ஒரு கட்டில்லகூட விரிப்பைக் காணோமே.”

“சலவைக் கடையில இருந்து வரணும் சார். எட்டு மணிக்கே வண்டி வந்துடும். இன்னிக்கு வரல.”

“போன மூணு சனிக்கிழமை?”

இளையவள் யோசித்தாள். அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு சுருக்கம் விழுந்தது. “அன்னிக்கும் வரல. ஆளுங்களும் வராததால அதை யாரும் பெருசா நினைக்கல.”

“நான் திரும்பி வர்ற வரைக்கும் அந்த ரெண்டு கட்டத்தையும் தொடாதீங்க. மாப்ளே, கார் சாவி.”

காரில் ஏறியதும் மைத்துனன் கேட்டான். “விரிப்பு வேண்டாம்னு யார் சொன்னதுன்னு அங்கேயே அந்த அம்மாவைக் கேட்டிருக்கலாமே. பெட்ரோலாவது மிஞ்சும்.”

“அவங்க சொன்னா அது ஒரு பேரு. சலவைக்காரர் சொன்னா அது சாட்சி.”

சலவைக் கடை நான்கு தெரு தள்ளி, ரயில் பாதையை ஒட்டி இருந்தது. கேட் போட்டிருந்ததால் போய்ச் சேரவே இருபது நிமிடம் ஆயிற்று. உள்ளே சோடாவும் நீராவியும் கலந்த வாசனை. நீளமான மேசையில் ஒரு விரிப்பு கிடக்க, கடைக்காரர் அதன் மேல் இஸ்திரிப்பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். தொடை அகலத்துக்கு முன்னங்கை. ஒவ்வொரு துணியின் மூலையிலும் எந்த இடத்துத் துணி என்று அடையாளம் தெரிய நூலால் தைத்திருந்தது. சிவப்பு ஒன்று, நீலம் மூன்று, மஞ்சளில் ஒரு பெருக்கல் குறி.

சல்லடை விடுதியைச் சொன்னார்.

“பச்சையில ரெண்டு தையல்” என்றார் கடைக்காரர். “நம்ம உருப்படிதான். ஏன், ஏதாவது கிழிஞ்சிருக்கா?”

“இன்னிக்கு ஏன் அனுப்பல?”

“வேண்டாம்னாங்க. அனுப்பல.” இஸ்திரிப்பெட்டி நிற்கவில்லை. “துணி லேட்டா வந்துச்சுன்னு திட்டு வாங்கியிருக்கேன். பித்தான் உடைஞ்சுதுன்னு திட்டு வாங்கியிருக்கேன். வேண்டாம்னு சொன்னதை அனுப்பாததுக்கு விசாரணை வர்றது இதான் முதல் தடவை.”

“எப்ப வேண்டாம்னாங்க அண்ணே?” என்றான் மைத்துனன்.

கடைக்காரர் தாடையால் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு கம்பியில் சீட்டுகள் குத்தித் தொங்கின. “போன்ல யார் என்ன சொன்னாலும் எழுதிக் குத்திடுவேன். என் ஞாபகத்தை நம்பி நான் பொண்டாட்டி பேரைக்கூட சொல்றதில்ல.”

சல்லடை சீட்டுகளைச் சலித்தார். நான்கு சீட்டுகள் கிடைத்தன. நான்கிலும் ஒரே வாசகம். ‘சனி. விரிப்பு 18 வேண்டாம்.’ நான்கிலும் எழுதியிருந்த கிழமை புதன்.

“புதன்கிழமை” என்று மெதுவாகச் சொன்னார். “சொன்னது யாரு?”

கடைக்காரர் சொன்னார்.

மைத்துனன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டான். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் சல்லடை அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

“இந்தச் சீட்டுங்களை நான் எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்குங்க. அப்படியே ஒரு உபகாரம். அவங்க பதினெட்டு விரிப்பும் துவைச்சு மடிச்சு ஒரு வாரமா என் இடத்தை அடைச்சுட்டுக் கிடக்கு. கார்லதானே வந்தீங்க? கொண்டுபோய்ப் போட்டுடுங்க.”

மூட்டை மைத்துனன் தலையில் ஏறியது. “துப்பறியலாம்னு வந்தேன். துணி மூட்டை தூக்கறேன். இதை அக்காகிட்ட சொல்லாம விட மாட்டேன்” என்று முனகிக்கொண்டே கொண்டுபோய் டிக்கியில் அழுத்தி மூடினான்.

திரும்பும் வழியில் மறுபடி ரயில்வே கேட். கார் நின்றது. சல்லடை ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“யோசிச்சுப் பாரு மாப்ளே. சனிக்கிழமை காலையில வர்ற மெசேஜ், புதன்கிழமையே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. யாருக்குத் தெரியும்?”

“அனுப்பப்போறவங்களுக்கு.”

“கச்சிதமா பண்ணியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் வேற பேரு. ஒரே ஒரு பலவீனம். யாரும் படுக்கப்போறதில்லைன்னு தெரிஞ்ச கட்டிலுக்குப் பதினெட்டு விரிப்பை வரவழைச்சு வீணாக்க மனசு வரல. ஒரு விடுதியையே கவுக்கலாம், துணி வீணாகக் கூடாது. அந்தச் சிக்கனத்துல மாட்டிக்கிட்டாங்க.”

“எங்க அக்கா மாதிரி” என்றான் மைத்துனன். “உங்ககிட்ட சண்டை போட்டுட்டுப் பொறந்த வீட்டுக்குக் கிளம்பினாளே, அன்னிக்குக்கூட ஃபேனை அணைச்சுட்டுதான் கதவைச் சாத்தினா.”

விடுதிக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று நாற்பது. மூத்தவள் திரும்பி வந்திருந்தாள். தோளில் பை, கையில் செல்போன். மேசைக்கு முன்னால் வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் நின்றிருந்தாள். இளையவள் பலகைக்குக் கீழே, அதே நிமிர்ந்த முதுகோடு.

“யாருன்னு தெரிஞ்சுதா?” என்றாள் மூத்தவள்.

“தெரிஞ்சுது. ஒரு சின்ன வேலை பாக்கி.” சல்லடை இளையவள் பக்கம் திரும்பினார். “மறுப்புன்னு இருக்கறதை அழுத்துங்கம்மா.”

“அதுக்கு விதி...”

“மறுக்கக் கூடாதுன்னும் நீங்க விதி எழுதலையே.”

இளையவள் தலையைத் தூக்கித் தன் பலகையையே ஒரு முறை படித்துப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். விரலை நீட்டி அழுத்தினாள்.

மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பத்து விநாடி. இருபது விநாடி. பிறகு எங்கோ ஒரு செல்போன் இரண்டு முறை அதிர்ந்து ‘கிணிங்’ என்றது.

இளையவளின் போன் மேசை மேல் அசையாமல் கிடந்தது. மைத்துனன் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். இல்லை.

“உங்க போன் கையிலயே இருக்கு” என்றார் சல்லடை மூத்தவளிடம். “சத்தம் பைக்குள்ள இருக்கற இன்னொரு போன்லேருந்து வருது. எடுத்துப் பாருங்க. ஒன்பது அறைக்கும் முழுப் பணம் போயிருக்கும்.”

அவள் எடுக்கவில்லை. சல்லடை நான்கு சீட்டுகளையும் மேசை மேல் வரிசையாக வைத்தார். “சனிக்கிழமை ஆள் வரமாட்டாங்கன்னு நீங்க புதன்கிழமையே சலவைக் கடைக்குச் சொல்லியிருக்கீங்க. விரிப்பு வீணாகுதேன்னு பார்த்தீங்க. அதுதான் உங்களைக் காட்டிக்குடுத்துடுச்சு.”

“அக்கா?” என்றாள் இளையவள். “நீங்களா?”

“நான்தான்” என்றாள் மூத்தவள். குரலில் நடுக்கமில்லை. “நாலு தடவையும் நான்தான். நீ கைகுடுத்தேன்னு சார் எழுதிக் குடுத்தா உன்னைத் துரத்தலாம்னுதான் இவரைக் கூட்டிட்டு வந்தேன்.”

“நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?”

“மறந்துட்டியா? நான் ஞாபகப்படுத்தறேன். போன வருஷம் இதே மாசம். இதே ஒன்பது அறை. என் பொண்ணு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தங்கறதுக்கு என் பேர்ல போட்டேன். ரெண்டு நாள் முன்னாடி, போன்ல, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னுட்டாங்க. காரணம்கூட சொல்லல. வீடு முழுக்க சொந்தக்காரங்க. என் பொண்ணு நடுவுல உட்கார்ந்திருக்கா, கண்ணைத் தூக்கல. அப்ப நீ வந்தே. கையில என்ன கொண்டுவந்தே?”

இளையவள் மேசை மேலிருந்த பேனாவை நேராக்கி வைத்தாள்.

“சொல்லு. சார் கேக்கட்டும்.”

“பில்” என்றாள் இளையவள்.

“பில். நாலாவது விதி. அத்தனை பேர் முன்னாடி, ‘விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கா’ன்னு நீட்டினே. நான் எந்திரிக்கறதுக்குள்ள என் பொண்ணு கையில இருந்த வளையல் எல்லாத்தையும் கழட்டி உன் பில் மேல வெச்சா. நீ ரசீது எழுதிக் குடுத்தே. அன்னியிலேருந்து அவ முழுக்கைச் சட்டைதான் போடறா. நான் புது வளையல் வாங்கிட்டுப் போனாலும் பொட்டியைத் திறக்கறதில்ல.”

நடைவழியில், தண்ணீர் கொண்டுவந்த அந்தப் பெண் சுவரோடு சுவராக நின்றிருந்ததைச் சல்லடை அப்போதுதான் கவனித்தார்.

“தள்ளுபடி பண்ணியிருந்தா மாமனார் என்னைத்தான் கேட்டிருப்பார்” என்றாள் இளையவள். அவள் முதுகு முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தது. “பெரிய மருமக வீட்டுக் காரியம்னதும் விதி மாறிடுச்சான்னு கேட்டிருப்பார். புருஷன் ஊர்ல இல்லாதவ நான். எனக்கு அந்தப் பலகையை விட்டா யார் இருக்கா?”

“வாங்க வேண்டாம்னு நான் சொல்லலையே. முதல்ல வந்து அவ பக்கத்துல அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம். அப்புறம் கேட்டிருக்கலாம்.”

 சல்லடை தொண்டையைச் செருமிக்கொண்டார். வழக்கு முடிந்ததாகத்தான் அவர் நினைத்தார்.

“சரிம்மா. நடந்தது நடந்துபோச்சு. இந்தத் தடவை கட்டணம் போயிடுச்சு. இதோட விட்டுடுங்க.”

மூத்தவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்சம் இரக்கமான சிரிப்பு.

“போகல சார். அது ரத்துக் கட்டணம் இல்ல. நான் ரத்து பண்ணவே இல்லையே. இவ மறுத்துட்டா, அதனால புக்கிங் நிக்குது. பணம் கட்டியாச்சு. ஆளும் வந்தாச்சு.” மேசையை விரலால் தட்டினாள். “பதினொன்னரையிலேருந்து இங்கதான் நிக்கறேன். ஒன்பது அறையும் எனக்குத்தான். சாவியைக் குடும்மா.”

இளையவள் அனிச்சையாகச் சாவிப் பக்கம் திரும்பினாள். பாதியில் நின்றாள். அவள் பார்வை நடைவழிக்குப் போயிற்று. திறந்த கதவுகள், வெறும் மெத்தைகள்.

“ஆறாவது விதியைப் படி” என்றாள் மூத்தவள்.

“பகல் பன்னிரண்டுக்கு அறை தயாராக இல்லாவிட்டால்...” மைத்துனன் தன்னையறியாமல் வாய்விட்டுப் படித்தான். “முழுப் பணமும் திருப்பித் தரப்படும்.”

“துணி வீணாகுதேன்னு பார்த்தேன்னா சொன்னீங்க?” மூத்தவள் சல்லடையிடம் கேட்டாள். “விரிப்பை எண்ணிப் பார்க்கற ஆளா சார் நான்? என்னிக்காவது ஒரு நாள் இவ மறுப்புன்னு அழுத்துவா, இல்லேன்னா யாராவது அழுத்த வைப்பாங்க. அன்னிக்குக் கட்டில் காலியா இருக்கணும். அதுக்குத்தான் நாலு வாரமும் நிறுத்தி வெச்சேன். பன்னிரண்டுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. தயார் பண்ணச் சொல்லுங்க, பார்க்கலாம்.”

தான் ரயில்வே கேட்டில் தாளம் போட்டது சல்லடைக்கு ஞாபகம் வந்தது. காதோரம் சூடாயிற்று. குற்றவாளியின் பலவீனம் என்று அவர் பெருமையாகக் கையில் பிடித்தது, அவளுடைய கத்தியின் பிடி.

இளையவள் எழுந்து ஓடினாள். பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே அந்துருண்டை வாசனையைத் தவிர ஒன்றுமில்லை. ஓடி வந்து சல்லடை முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

“சார், நீங்க சலவைக் கடைக்குப் போனீங்களே. அங்க எங்க விரிப்பு இருக்கா? இருந்தா யாரையாவது அனுப்பி...”

மைத்துனன் வாயைத் திறந்தான். சல்லடையின் குதிகால் அவன் கட்டைவிரல் மேல் உட்கார்ந்தது.

“கடையில ஒண்ணும் இல்லைம்மா” என்றார் சல்லடை.

பொய் இல்லை. கடையில் ஒன்றும் இல்லைதான்.

சுவர்க் கடிகாரத்தின் இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மூத்தவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

“அறை தயாரா?”

“இல்லை” என்றாள் இளையவள்.

“அப்ப எழுது.”

இளையவள் இழுப்பறையிலிருந்து பணம் திருப்பும் படிவத்தை எடுத்தாள். அந்தக் கட்டு வாங்கிய நாளிலிருந்து பிரிக்கப்படாமல் இருந்தது. நூலை அறுத்து முதல் தாளை உருவினாள்.

“என் பேரை எழுது. தோழி பேரு, பக்கத்து வீட்டுக்காரி பேரு எதுவும் வேண்டாம். என் பேரு. தொகைன்னு இருக்கற இடத்துல முழுவதும்னு எழுது. கீழ கையெழுத்து.”

முத்து முத்தான அந்தக் கையெழுத்து இந்த ஒரு தாளில் கோணலாக விழுந்தது. மூத்தவள் தாளை வாங்கிப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“இந்த ஒரு கையெழுத்துக்குத்தான் ஒரு வருஷம்” என்றாள். “இன்னும் ஒண்ணு. மேல ஏறி நாலாவது விதியில கடைசி வரியை அடி.”

இளையவள் சல்லடையைப் பார்த்தாள். மேசை மேல் நான்கு சீட்டுகள் இருந்தன. அவற்றை மாமனாரிடம் காட்டினால் பெட்டி கட்ட வேண்டியது மூத்தவள். அது மூத்தவளுக்கும் தெரிந்திருந்தது. இளையவளின் கை சீட்டுகள் பக்கம் நகர்ந்தது.

நடைவழியில் நின்ற பெண் ஒரு அடி முன்னால் வந்தாள்.  மணிக்கட்டுப் பித்தானைப் பிடித்துக்கொண்டு சித்தியையே பார்த்தாள்.

இளையவள் கையை இழுத்துக்கொண்டாள். கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து நாற்காலி மேல் ஏறினாள். ‘யாருக்கும் எக்காரணத்துக்கும் தள்ளுபடி இல்லை’ என்ற வரியின் குறுக்கே கோடு இழுத்தாள். கோடு நேராகத்தான் இருந்தது. அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

“இறங்கி உன் இடத்துல உட்கார்” என்றாள் மூத்தவள். “காலை வரைக்கும் உன்னைத் துரத்தணும்னு இருந்தேன். இப்ப வேண்டாம். நீ எங்கேயும் போகாதே. இந்தப் பலகைக்குக் கீழேயே உட்கார். வர்றவன் போறவன் எல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துட்டு, ஏன் அடிச்சீங்கன்னு உன்னைக் கேக்கட்டும். தினமும் கேக்கட்டும். நீ பதில் சொல்லு.”

பிறகு சல்லடையிடம் திரும்பினாள். “நாலு மணிக்கு மாமனாருக்கு ஒரு தாள் வேணும் சார். என்ன எழுதுவீங்களோ எழுதுங்க. எனக்குப் பயமில்ல.”

சல்லடை பேனாவை எடுத்தார். இரண்டே வரி எழுதினார். ‘ஆளைக் கண்டுபிடித்தாகிவிட்டது. இனி வரமாட்டார்.’ கையெழுத்துப் போட்டு, நான்கு சீட்டுகளையும் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூத்தவள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெளியே கார் அடுப்பாகக் கொதித்தது. மைத்துனன் நொண்டிக்கொண்டே வந்து டிக்கியைத் திறந்தான். பதினெட்டு விரிப்பும் மூட்டையாக அவனைப் பார்த்தன.

“அத்தான், இதை அப்பவே சொல்லியிருந்தா எட்டு நிமிஷத்துல நாலு பேரா சேர்ந்து விரிச்சிருக்கலாம்.”

“அடடா” என்றார் சல்லடை. “மறந்தே போயிட்டேன் பாரு.”

“மறந்துட்டீங்களா? அப்ப என் கட்டைவிரலை மிதிச்சது யாரு?”

விடுதியின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. அந்தப் பெண் வெளியே வந்தாள். மூட்டையின் மூலையில் தெரிந்த இரண்டு பச்சைத் தையலைப் பார்த்தாள். சல்லடையைப் பார்த்தாள்.

“இது எப்பலேருந்து உங்க வண்டியில இருக்கு?”

“சலவைக்காரர் குடுத்தனுப்பினாரும்மா. இப்பதான் ஞாபகம் வந்துது.”

அவள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கிய சிரிப்பு. மணிக்கட்டுப் பித்தான்களைக் கழற்றி, இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டுக்கொண்டு மூட்டையைத் தூக்கினாள். மைத்துனன் உதவிக்குப் போனான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

கார் தெருமுனை திரும்பும்வரை மைத்துனன் பேசவில்லை. இன்று இது இரண்டாவது முறை.

“அத்தான், இதையெல்லாம் அக்காகிட்ட சொல்லணுமா, வேண்டாமா?”

“சொல்லு மாப்ளே. அத்தானுக்கு மறதி வந்துடுச்சுன்னு இன்னிக்கே சொல்லி வை. புதன்கிழமை எங்க கல்யாண நாள்.”